மயக்க மருந்து: ஒரு ஊசி போட்டால் முடிந்ததா?

கேள்வி, ஜூன் 2
அப்பாவுக்கு 78 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் என்கிறார்கள். மயக்க மருத்துவர் தனியாக வந்து நிறையக் கேள்வி கேட்டுவிட்டுப் போனார். மயக்க மருந்து என்பது எடையைப் பார்த்து, இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஏற்றுகிற ஊசிதானே? போட்டுவிட்ட பிறகு அவர் எதற்குக் கடைசிவரை தியேட்டரில் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40
"இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு" என்று போடக்கூடிய மயக்க ஊசி எதுவும் கிடையாது. மயக்க மருத்துவராகப் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது, படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே இல்லை.

முழு மயக்கத்துக்கு இன்று அதிகம் போடுவது ப்ரோபோஃபால். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்த குழம்பில் கலந்து வரும், அதனால்தான் வெள்ளை நிறம். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம். நரம்பில் ஏறும்போது கை எரியும். "எரியுது டாக்டர்" என்று சொல்கிறவர் அடுத்த வார்த்தையை முடிப்பதற்குள் போய்விடுவார். 30, 40 விநாடிதான். இமை மயிரை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன், கண் சிமிட்டாது. தாடை தளரும், நாக்கு பின்னால் சரியும், பெரும்பாலும் மூச்சும் நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து அவருடைய மூச்சு என் கையில்.

இதற்கு மேல் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் 5 முதல் 10 நிமிடத்தில் கண்ணைத் திறந்து "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பார். ஆபரேஷன் இரண்டு மணி நேரம். மிச்ச நேரத்துக்கு யார் பொறுப்பு? உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஜூன் 2, இரவு 11.15
அந்த ஊசி ஏன் அவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் மருந்தை அழித்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரே ஒரு ஊசி போட்ட கணக்கில் அது முக்கியக் காரணமே இல்லை. மூளைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் மருந்து முதலில் அங்கே போய்ச் சேர்கிறது. பிறகு அதே ரத்தம் அதை மூளையிலிருந்து எடுத்துத் தசைக்கும், மெதுவாகக் கொழுப்புக்கும் பங்குபோடுகிறது. மூளையில் அளவு குறைந்ததும் ஆள் விழிக்கிறார். மருந்து இன்னும் உடம்புக்குள்ளேதான் இருக்கிறது.

ப்ரோபோஃபாலுக்கு முன்னால் கோலோச்சிய தியோபென்டோனில் இது நன்றாகத் தெரியும். 1934-ல் புழக்கத்துக்கு வந்த மருந்து. ஒரு ஊசிக்கு ஆள் சில நிமிடத்தில் விழித்துவிடுவார். ஆனால் கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 10, 15 சதவீதம்தான் அழிக்கும். விழிக்கிறாரே என்று மறுபடி மறுபடி போட்டால் தசையும் கொழுப்பும் நிரம்பிப்போய், மருந்து ஒதுங்க இடமில்லாமல் ஆள் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார். ப்ரோபோஃபால் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கல்லீரலும் வேறு உறுப்புகளும் சேர்ந்து அதை வேகமாக அழிப்பதால், பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஏற்றினாலும் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் தெளிவு வந்துவிடும்.

எடைக் கணக்கு ஆரம்பத்துக்கு ஒரு அளவுகோல், அவ்வளவுதான். உங்கள் அப்பா வயதில் கிலோவுக்கு 1 மில்லிகிராமே போதும், சிலருக்கு அதுவும் அதிகம். வயதானவர்களுக்கு ரத்தம் மெதுவாகச் சுற்றும். மருந்து கையிலிருந்து மூளைக்குப் போக ஒரு நிமிடத்துக்கு மேலேயும் ஆகலாம். "இன்னும் தூங்கலையே" என்று அவசரப்பட்டு இரண்டாவது தடவை தள்ளினால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ரத்த அழுத்தம் தரைமட்டத்துக்குப் போகும். ஊசியைப் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருப்பதைப் பழகவே பயிற்சி மருத்துவர்களுக்கு நாளாகும்.

ஜூன் 3, காலை
மிச்ச நேரத்தைப் பெரும்பாலும் வாயு மயக்க மருந்து பார்த்துக்கொள்ளும். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் எல்லாம் திரவமாக வரும். வேப்பரைசரில் ஆவியாக்கி ஆக்சிஜனோடு கலந்து நுரையீரலுக்கு அனுப்புகிறோம். எவ்வளவு என்பதற்கு ஒரு அளவு உண்டு. 1960-களில் எட்மண்ட் எகரும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுத்தது, மேக் என்று சொல்வோம். கத்தி வைக்கும்போது 100 பேரில் 50 பேர் கை கால் அசைக்காமல் இருக்க, நுரையீரலில் மருந்து எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பழைய மருந்தான ஹாலோத்தேனுக்கு 0.75, ஐசோஃப்ளூரேனுக்கு சுமார் 1.2, செவோஃப்ளூரேனுக்கு சுமார் 2, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு 104. அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் நைட்ரஸை மட்டும் வைத்து ஆபரேஷன் செய்யவே முடியாது.

இந்த எண்ணும் வயதோடு மாறும். 40-க்குப் பிறகு பத்து வருடத்துக்குச் சுமார் 6 சதவீதம் குறையும். கைக்குழந்தைக்குப் பெரியவர்களைவிட அதிகம் வேண்டும். காய்ச்சல் இருந்தால் கூடும், உடம்பு குளிர்ந்தால் குறையும். தினம் குடிப்பவருக்குக் கூடும், குடித்துவிட்டு வந்து விழுந்தவருக்குக் குறையும்.

ஜூன் 3, மதியம்
"மூச்சில் கொடுத்தால் மெதுவாகத்தானே ஏறும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மருந்து ரத்தத்தில் எவ்வளவு கரையும் என்பதைப் பொறுத்தது அது. வறண்ட மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மண் குடித்து முடித்த பிறகுதான் மேலே நிற்கும். பழைய காலத்து மயக்க மருந்தான ஈத்தர் அந்த வகை. ரத்தம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், நுரையீரலில் அழுத்தம் ஏறவே ஏறாது, மூளைக்கும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ரத்தத்துக்கும் வாயுவுக்கும் இடையே அது பிரியும் விகிதம் 12. ஹாலோத்தேனுக்கு 2.4, ஐசோஃப்ளூரேனுக்கு 1.4, செவோஃப்ளூரேனுக்கு 0.65, டெஸ்ஃப்ளூரேனுக்கு 0.42. எண் குறையக் குறைய ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம்.

1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈத்தர் கொடுத்து, வாரன் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டினாரே, அங்கிருந்து இன்றுவரை நடந்ததில் பெரிய பங்கு இந்த எண்ணைக் கீழே கொண்டுவந்ததுதான். நெருப்புப் பிடிக்காத மருந்து கிடைத்தது இன்னொன்று. ஈத்தர் இருக்கும் அறையில் ஒரு பொறி பறந்தால் போதும். 1956-ல் ஹாலோத்தேன் வந்த பிறகுதான் தியேட்டரில் மின்சாரக் கருவிகளைப் பயமில்லாமல் வைக்க முடிந்தது. ஹாலோத்தேனுக்கு அதன் சொந்தத் தொல்லை இருந்தது. அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும், இதயத் துடிப்பைக் குழப்பும். அதனால் அதற்கும் மாற்று மருந்துகள் வந்தன.

சிறு பிள்ளைகளுக்கு ஊசி இல்லாமல் மாஸ்க் வைத்தே செவோஃப்ளூரேன் கொடுக்கலாம். மணம் உறுத்தாது. டெஸ்ஃப்ளூரேனை அப்படிக் கொடுத்தால் இருமித் தள்ளிவிடும், தொண்டைக் குழாய் இறுகிக்கொள்ளும். வேகமாக ஏறும் மருந்து என்பதால் எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது. தவிர, டெஸ்ஃப்ளூரேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 2,500 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஸ்காட்லாந்து 2023-ல் அதை நிறுத்திவிட்டது. கையில் ஐசோஃப்ளூரேனும் செவோஃப்ளூரேனும் இருக்கும்போது நான் அதைத் தொடுவதில்லை.

ஜூன் 3, இரவு
காலையில் மேக் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு ஒருவர் பதறிப்போயிருக்கிறார்: "அப்படியானால் பாதிப் பேர் அசைவார்களா?" அது ஒரு மருந்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. 1.3 மடங்கு கொடுத்தால் 95 சதவீதம் பேர் அசைய மாட்டார்கள். நடைமுறையில் ஒரே மருந்தை அந்த அளவுக்கு ஏற்றவே மாட்டோம். ஃபென்டனில் போன்ற வலி மருந்தைச் சேர்த்தால் வாயு மருந்து பாதியாகக் குறையும். மருந்துகளை ஒன்றோடு ஒன்று தாங்கவைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் இந்தத் தொழில்.

இன்னொன்று. கத்திக்குக் கை இழுப்பது மூளையின் வேலையே இல்லை, பெரும்பாலும் முதுகுத்தண்டு செய்வது. கை லேசாக அசைந்தது என்பதால் ஆள் விழித்திருந்தார் என்று அர்த்தம் இல்லை. அசையவில்லை என்பதால் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார் என்றும் அர்த்தம் இல்லை. இந்த இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

ஜூன் 5
அதைத்தான் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்: நடுவில் விழிப்பு வந்து, கத்தவும் முடியாமல் படுத்திருப்பது நிஜமாகவே நடக்குமா?

நடக்கும். அபூர்வம், ஆனால் நடக்கும்.

முழு மயக்கத்தில் தனித்தனியாக மூன்று வேலை இருக்கிறது: நினைவை நிறுத்துவது, வலிக்கு உடம்பு துடிப்பதை அடக்குவது, தசையைத் தளர்த்துவது. ஈத்தர் காலத்தில் மூன்றையும் ஒரே மருந்து செய்தது. வயிற்றுத் தசை தளரும் அளவுக்கு ஈத்தர் ஏற்றினால் நோயாளி சாவின் விளிம்புக்குப் போய் வருவார். 1942 ஜனவரியில் மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் க்யூராரேயை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய நஞ்சிலிருந்து வந்தது. தசை தளர்ந்தது, மயக்கம் லேசாக இருந்தாலே போதும் என்றானது. வயிறு, நெஞ்சு ஆபரேஷன்கள் இந்த அளவுக்கு வளர்ந்ததில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆபத்தும் அதே நாளில்தான் உள்ளே வந்தது. தசை தளர்த்தும் மருந்து நினைவைத் தொடவே தொடாது, வலியையும் தொடாது. நரம்பு முடிவில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே வேப்பரைசர் காலியாகி யாரும் கவனிக்கவில்லை என்றால், ஆள் அசையாமல் விழித்திருப்பார்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதை விரிவாக ஆராய்ந்து 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். முழு மயக்கம் கொடுத்ததில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் விழிப்பு வந்ததாகத் தாமாகச் சொல்லியிருந்தார். தசை தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் சுமார் 8,000-க்கு ஒருவர். முழு மயக்கத்தில் சிசேரியன் செய்தவர்களில் சுமார் 670-க்கு ஒருவர். அங்கே குழந்தைக்கு மருந்து அதிகம் போய்விடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறோம், அவசரமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே, அவர் எதற்குக் கடைசிவரை இருக்க வேண்டும் என்றால், முதலில் இதற்காக. மூச்சு வெளிவரும்போது அதில் எத்தனை சதவீதம் மருந்து இருக்கிறது என்று மானிட்டரில் ஓடும் எண்ணைப் பார்ப்பதற்காக. வியர்வை அரும்புகிறதா, கண்ணில் நீர் வருகிறதா, காரணமில்லாமல் இதயத் துடிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக.

ஜூன் 6
நேற்றைய 19,000 கணக்கின் மேல் ஒரு குறிப்பு. அது நோயாளி தாமாக வந்து சொன்ன கணக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து "தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம்? விழித்ததும் முதலில் என்ன ஞாபகம்? நடுவில் ஏதாவது?" என்று கேட்ட ஆய்வுகளில் 1,000-க்கு ஒன்று, இரண்டு என்று வந்திருக்கிறது. பலர் கேட்டால்தான் சொல்கிறார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று வீட்டில்கூடச் சொல்வதில்லை.

என்னிடம் வந்த ஒரு அம்மாள் முந்தைய ஆபரேஷனில், வேறொரு ஊரில், தலைமாட்டில் இரண்டு பேர் யாருக்கோ மாற்றலாகிப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டதை அப்படியே ஒப்பித்தார். வலி இல்லையாம். "கையைத் தூக்கலாம்னு பார்த்தேன், கை என்னோடதா இல்ல" என்றார். அதைப் பல வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து அடுத்த மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். நம்புவார். மருந்துத் திட்டத்தையே மாற்றுவார்.

ஜூன் 6, இரவு
தசை மருந்து முழுக்க விட்டதா என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு: மணிக்கட்டில் இரண்டு ஒட்டுப்பட்டை வைத்து நரம்புக்கு நான்கு சிறு மின்துடிப்பு கொடுப்போம். கட்டைவிரல் நான்கு தடவை உள்பக்கம் மடங்கும். மருந்து இருக்கும்போது முதல் துடிப்பு பெரிதாகவும் நான்காவது சின்னதாகவும் தேய்ந்துகொண்டே போகும். நான்காவது, முதலாவதில் 90 சதவீதத்தையாவது எட்டிய பிறகுதான் தொண்டையில் வைத்த மூச்சுக் குழாயை எடுக்கலாம். கண்ணால் பார்த்து "நாலும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்வதை நம்ப முடியாது, கருவி அளக்க வேண்டும். தசை மருந்தாக ரோக்குரோனியம் கொடுத்திருந்தால் சுகமாடெக்ஸ் என்ற மாற்று மருந்து அந்த மூலக்கூறையே தனக்குள் வைத்துப் பூட்டிவிடும். இல்லாவிட்டால் பழைய நியோஸ்டிக்மின்.

ஜூன் 8
"இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று யாருக்குமே தெரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது அரை நூற்றாண்டுக்கு முந்தைய நிலவரம்.

1900-ஐ ஒட்டி மேயரும் ஓவர்ட்டனும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள். ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு வீரியமான மயக்க மருந்து. அதனால் நரம்பு அணுவின் கொழுப்புச் சவ்வில்தான் மருந்து வேலை செய்கிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1984-ல் ஃபிராங்க்ஸும் லீபும் மின்மினிப் பூச்சிக்கு வெளிச்சம் தரும் புரதத்தை எடுத்து, கொழுப்பே இல்லாத அந்தப் புரதத்தையும் மயக்க மருந்துகள் தடுக்கின்றன, அதே வீரிய வரிசையில் தடுக்கின்றன என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லோர் கண்ணும் புரதத்தின் பக்கம் திரும்பியது.

மூளையில் காபா என்ற ரசாயனம் நரம்பணுக்களை அடக்கிவைக்கிறது. ப்ரோபோஃபால், தியோபென்டோன், எட்டோமிடேட், வாயு மருந்துகள் எல்லாம் அந்த ரசாயனம் உட்காரும் புரதத்தில் இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அதன் அடக்கும் வேலையை நீட்டிக்கின்றன. கீட்டமினும் நைட்ரஸும் செனானும் வேறு வழி. நரம்பணுக்களை உசுப்பும் குளூட்டமேட் என்ற ரசாயனம் திறக்கும் என்.எம்.டி.ஏ. என்ற வாசலை அடைக்கின்றன. இவ்வளவும் தெரியும். வாசல்கள் மூடியதும் "நான்" என்ற உணர்வு எப்படி அணைகிறது என்பதுதான் இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

தூக்கம் வேறு, இது வேறு. தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுவார்.

ஜூன் 9
கீட்டமினைப் பற்றி ஒரு வரியில் போய்விட எனக்கு மனம் வரவில்லை.

1962-ல் உருவாக்கப்பட்டது, 1970-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற மயக்க மருந்துகள் பெரும்பாலும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கீழே தள்ளும். இது மூச்சைப் பெரும்பாலும் விட்டுவைக்கும், அழுத்தத்தைத் தூக்கும், வலியை நன்றாகவே அடக்கும், மூச்சுக் குழாயை விரிக்கும். ரத்தம் கொட்டி வருபவருக்கும், கடும் ஆஸ்துமாகாரருக்கும், மின்சாரமோ ஆக்சிஜனோ சரியாக இல்லாத இடத்துக்கும் இதைவிட்டால் வேறு நாதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. போதைக்காகச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதை இறுக்கமான சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப் பேச்சு எழும்போதெல்லாம் மயக்க மருத்துவர்கள் எதிர்க்கிறோம். எத்தனையோ இடங்களில் இருக்கும் ஒரே மயக்க மருந்து அது.

அது பிடித்த ஆளைப் பார்த்தால் பழகாதவர்கள் பயந்துவிடுவார்கள். கண் திறந்தே இருக்கும், விழி இப்படியும் அப்படியும் மெதுவாக ஆடும், கை தானாக உயரும். ஆனால் அறுத்தால் தெரியாது. வெளியே வரும்போதுதான் தொல்லை. "கூரையில ஒட்டிக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருந்தேன்" என்று சொன்னவர் உண்டு. சிலருக்கு அது இனிய கனவு, சிலருக்குக் கொடுங்கனவு. அமைதிப்படுத்தும் மருந்தான மிடசோலம் கொஞ்சம் சேர்த்தால் குறையும். அதைவிட நான் நம்புவது முன்கூட்டிப் பேசுவதை. "விசித்திரமான கனவு வரும், பயப்படாதீங்க, பக்கத்துலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தவர்கள் அமைதியாக எழுந்திருக்கிறார்கள். மருந்தை மாற்றாமலே அதன் முகம் மாறுகிறது.

ஜூன் 12
அப்பாவின் ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போடலாம் என்கிறார்கள், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே என்று தயங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயங்குவது சரி. ஊசி போகும் இடத்தில் ரத்தம் கசிந்து கட்டினால் நரம்பு நசுங்கி, கால் செயலிழக்கக்கூடும். க்ளோபிடோக்ரல் மாதிரியானவற்றை 5 முதல் 7 நாள் நிறுத்த வேண்டும். இடுப்பு எலும்பு முறிவுக்கு அவ்வளவு நாள் காத்திருந்தால் அதுவே கேடு, அதனால் முழு மயக்கம் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பொதுவாகத் தடையில்லை. என்ன மாத்திரை என்று பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்பைனல் என்கிற இந்த முதுகு ஊசி முதுகுத்தண்டுக்குள் குத்துவது இல்லை. தண்டு இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பை ஒட்டி முடிந்துவிடும். ஊசி மூன்று, நான்காவது எலும்புகளுக்கு நடுவே, தொங்கும் நரம்புகளைச் சுற்றியுள்ள நீருக்குள் போகும். தெளிந்த நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்ததும் மரத்துப்போகச் செய்யும் 0.5 சதவீத பியூபிவகைன் 2, 3 மில்லி. கால் முதலில் கதகதக்கும், பிறகு வலி போகும், பிறகு தொடுவது தெரியாது, கடைசியாகத் தூக்க முடியாது. கதகதப்புக்குக் காரணம், ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகள் முதலில் அடைபடுவது. அதே காரணத்தால் ரத்த அழுத்தமும் இறங்கும். அழுத்தத்தை ஏற்றும் ஃபீனைலெஃப்ரினைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்போம்.

முழு மயக்கமா முதுகா, வயதானவருக்கு எது நல்லது என்று நாங்களே பல காலம் வாதாடினோம். முதுகுதான் பாதுகாப்பு என்று பலரைப் போல நானும் சாய்ந்திருந்தேன். இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. இரண்டு மாதத்தில் உயிரோடு நடமாடுவதில் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எதைக் கொடுத்தாலும் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்கிறாரா என்பதுதான் இப்போது நான் கவலைப்படும் விஷயம். ஸ்பைனலுக்காகத் திருப்பி உட்காரவைக்கும்போது முறிந்த எலும்பு உயிர்போக வலிக்கும், அதற்கு முன்னால் தொடை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

ஜூன் 12, இரவு
எதிர்பார்த்தபடியே ஒருவர் எழுதியிருக்கிறார்: "சிசேரியனில் முதுகில் ஊசி போட்டதிலிருந்து முதுகுவலி." ஊசி போன இடத்தில் சில நாள் நோகும், அது நிஜம். வருடக்கணக்கான வலிக்கு ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது. முதுகில் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கிறது. கர்ப்பம், பிள்ளையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது எல்லாம் காரணம். உங்கள் வலி பொய் என்று சொல்லவில்லை. காரணத்தைத் தவறான இடத்தில் தேடினால் வைத்தியமும் தவறிப்போகும் என்கிறேன்.

தலைவலி வேறு. உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் விடும் தலைவலி ஓரிரு நாளில் வந்தால் அது ஊசித் துளை வழியே நீர் கசிவதால் வருவது. 1898-ல் முதல் ஸ்பைனல் போட்ட ஆகஸ்ட் பியர் தன்மேலேயே சோதித்துப் பார்த்துவிட்டு அந்தத் தலைவலியில் நாள்கணக்கில் படுத்தார். அவருடைய உதவியாளர் ஹில்டிபிராண்டுக்கு ஊசி வேலை செய்தது. செய்கிறதா என்று பார்க்க அவர் முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பில் சுத்தியலால் அடித்தார்கள், அப்போது தெரியவில்லை, மறுநாள் தெரிந்தது. இப்போது நுனி மழுங்கிய மெல்லிய ஊசி வந்த பிறகு தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் சொல்லுங்கள், உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தி அடைக்க முடியும்.

ஜூன் 14
பல் பிடுங்கும்போது ஊசி பிடிக்கவே இல்லை, டாக்டர் தண்ணீரை ஏற்றிவிட்டார் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சீழ் இருந்ததா? அப்படியானால் காரணம் ரசாயனம். மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் நரம்புக்கு வெளியிலிருந்து வேலை செய்யாது. மின்னூட்டம் இல்லாத வடிவில் சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கே மின்னூட்டம் ஏறி, சோடியம் வாசலை உள்பக்கமிருந்து அடைக்கும். உடம்பின் சாதாரண காரத்தன்மையில் சுமார் கால் பங்கு கடக்கும் வடிவில் இருக்கும். சீழ் பிடித்த இடம் அமிலமாக இருப்பதால் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். அங்கே ரத்த ஓட்டமும் அதிகம், வந்த மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். வீக்கத்துக்கு அப்பால், நரம்பு வரும் வழியில் போட்டால் பிடிக்கும்.

பிடிக்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. லிக்னோகைன் தனியாக என்றால் கிலோவுக்கு 3 முதல் 4.5 மில்லிகிராம் வரை, அட்ரினலின் சேர்ந்தால் 7 வரை என்று எல்லை உண்டு. தாண்டினால் முதலில் வாயைச் சுற்றி மரத்துப்போகும், காதில் ரீங்காரம் கேட்கும், பிறகு வலிப்பு. பியூபிவகைன் இதயத்தையே பிடித்துக்கொண்டு விடாது. அதற்கு மாற்று, 20 சதவீதக் கொழுப்புக் குழம்பைக் கிலோவுக்கு 1.5 மில்லி வேகமாக ஏற்றுவது. நரம்பு ஊசி போடும் எந்த அறையிலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். பூட்டிய அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

ஜூன் 15
அந்த மருத்துவர் ஏன் அத்தனை கேள்வி கேட்டார் என்பது பாக்கி இருக்கிறது. "சொந்தத்தில் யாருக்காவது மயக்கத்தில் ஏதாவது ஆனதா?" என்று கேட்டிருப்பார். அதற்கு "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று யோசிக்காமல் சொல்லிவிடாதீர்கள்.

சில குடும்பங்களில் தசையின் கால்சியம் வாசலில் மரபுக் கோளாறு இருக்கும். வாயு மருந்தோ, தசை தளர்த்தும் சக்சினைல்கோலினோ பட்டதும் தசை முழுக்க எரிய ஆரம்பிக்கும். கரியமில வாயு ஏறும், தாடை இறுகும், உடம்பு கொதிக்கும். 1960-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு இளைஞன் "எங்க வீட்டுல பத்துப் பேர் ஈத்தர்ல செத்திருக்காங்க" என்று சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட டாக்டர்களால்தான் இந்த நோயே வெளியே வந்தது. இன்று இதற்கு மாற்று மருந்தாக டான்ட்ரோலீன் இருக்கிறது, கிலோவுக்கு 2.5 மில்லிகிராமில் தொடங்குவோம். முன்பே தெரிந்தால் அந்த மருந்துகளைத் தொடாமல் ப்ரோபோஃபாலிலேயே முடித்துவிடலாம். இன்னும் சிலருக்கு சக்சினைல்கோலினை உடைக்கும் நொதி குறைவு. 10 நிமிடத்தில் விட வேண்டியது மணிக்கணக்கில் விடாது. மாமாவோ சித்தியோ ஆபரேஷனுக்குப் பிறகு காரணமில்லாமல் மிஷினில் இருந்தார் என்றால் அதைச் சொல்லுங்கள்.

வயிறு: திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. மயங்கியதும் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபரேஷனை நன்றாகச் செய்து பயனில்லை. பாவம் என்று ஒரு பிஸ்கட் ஊட்டிவிட்டு மறைப்பவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள். சொல்லிவிட்டால் போதும், தள்ளிவைக்கலாம், அல்லது வேறு முறையில் மயக்கலாம். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமக்ளூடைட் ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், அதையும் சொல்லுங்கள். குறட்டை, குடி, புகை, ஆடும் பல் எல்லாம் சொல்லுங்கள். நாங்கள் யாரையும் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

ஜூன் 19
ஆபரேஷன் முடிந்துவிட்டது, முழு மயக்கம்தான் கொடுத்தார்கள், ஆனால் நேற்று இரவிலிருந்து அப்பா ஆளை மாற்றிப் பேசுகிறார், ட்யூபைப் பிடுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லபடியாக முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. குழப்பத்தை இன்றே வார்டு டாக்டரிடம் சொல்லுங்கள், "வயசு ஆச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். வலி அடங்காதது, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சளித்தொற்று, உப்பு குறைவது, சில மாத்திரைகள் என்று தேடிச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கும். மயக்க மருந்தின் பங்கும் இருக்கலாம், ஆனால் அது மட்டும் என்று எடுத்துக்கொண்டால் மற்றதைக் கோட்டைவிடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கண்ணாடியையும் காது மிஷினையும் வீட்டிலிருந்து கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவையுங்கள், இரவில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். எந்த இடம், என்ன நாள், என்ன நடந்தது என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போட ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளியும். தெளியவில்லை என்றால் எழுதுங்கள், பார்க்கிறேன்.